வாவிக்கு என்ன விலை, மச்சான்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் என் மருமகள், அதுதான் அக்காவின் மகள். பல்கலைக்கழகத்தில் பொருளியல், கடைசி வருடம். ஆய்வுக்கு வாவிக்கரைக் கண்டல்காட்டை, அதுதான் உப்புத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கிற மரக்காட்டை, எடுத்திருக்கிறாள். பென்ஷன்காரன் சும்மாதானே இருக்கிறான் என்று, வினாக்கொத்துக் கட்டைச் சுமந்துகொண்டு வீடு வீடாக அலைய என்னைப் பிடித்துவிட்டாள்.

இந்தக் கண்டல் அழியாமல் இருக்க உங்கள் வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு தருவீர்கள் என்பதுதான் கேள்வி. சந்தையில் இறாலுக்கு விலை இருக்கிறது. அந்த இறால் குஞ்சு ஒதுங்கி வளர்கிற வேருக்கு விலை கிடையாது. விலை இல்லாததைக் கணக்கில் பூச்சியம் என்று போட்டுவிடுகிறார்கள், கரையை மண் போட்டு நிரப்ப வருகிறவனுக்கு அது நல்ல வசதி. அதனால்தான் சனத்திடமே கேட்டு ஒரு விலை எடுக்கப் பார்க்கிறார்கள்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒருவர் தோணியைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். மாதம் 500 ரூபாய் தருவீர்களா என்று இவள் கேட்டாள். தூரிகையை நிறுத்தாமலே, “காசுக்கு நான் எங்க போறது மகள்? மாசம் ரெண்டு நாள் வந்து கன்று நட்டுத் தாறன், எழுதிக்கொள்” என்றார். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பென்சிலால் 0 என்று போட்டாள். அழி என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. இரண்டு நாள் கூலி 500 ரூபாயை விட எவ்வளவோ மேல், அது எப்படிப் பூச்சியமாகும்? இரவு உட்கார்ந்து, நாள் கணக்கு என்று ஒரு வரி சேர்த்தாள்.

இன்னொரு வீட்டில், “நிரப்புகிறவனிடம் போய்க் கேள், நான் ஏன் தரவேணும்?” என்று கதவைச் சாத்தினார்கள். அதுவும் பூச்சியம்தான், ஆனால் கோபத்தில் சொன்ன பூச்சியம். அதைத் தனியாகப் பிரித்து வைக்கவேண்டுமாம். ஒரு ஆசிரியை உடனே 1000 என்றார். எந்தச் செலவைக் குறைத்துத் தருவீர்கள் என்று கேட்டதும் பிள்ளையின் டியூஷன் காசு ஞாபகம் வந்து 200க்கு இறங்கினார்.

இந்த ‘எந்தச் செலவு’ கேள்விக்கு ஒரு கதை உண்டு. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி ஏறக்குறைய 11 மில்லியன் கலன் எண்ணெயைக் கடலில் விட்டது. அந்தக் கரையைக் கண்ணாலும் காணாத அமெரிக்கக் குடும்பங்களிடம், இனி இப்படி நடக்காமல் தடுக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். நடுத்தரமாக வந்த பதில் குடும்பத்துக்கு 31 டொலர். நாடு முழுவதற்கும் பெருக்கினால் 2.8 பில்லியன். எண்ணெய்க்காரர் சும்மா இருப்பார்களா? பெரிய வாக்குவாதம். கடைசியில் நோபல் பரிசு வாங்கிய கென்னத் ஆரோவும் ரொபர்ட் சோலோவும் தலைமை வகித்த குழு 1993இல் சொன்னது: சனத்திடம் கேட்டு விலை எடுக்கிற இந்த முறை பயன்படும், ஆனால் நேரில் போய், வாக்குப் போடுவது போல ஆம் இல்லை என்று கேளுங்கள், அவர்களுடைய வரவு செலவை ஞாபகப்படுத்துங்கள்.

இந்த முறை சரிவராது என்றவர்கள் காட்டியதிலும் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. எண்ணெயில் சாகும் பறவைகளைக் காப்பாற்ற என்ன தருவீர்கள் என்று மூன்று கூட்டத்திடம் கேட்டார்களாம். 2,000 பறவைக்கு 80 டொலர், 20,000க்கு 78, இரண்டு இலட்சத்துக்கு 88. பறவை நூறு மடங்கானாலும் காசு பெரிதாக மாறவில்லை. நானும் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். கல்லடிப் பாலத்தடிக் கண்டலுக்கு எவ்வளவு தருவாய் என்றேன், 300 என்றாள் மனைவி. அடுத்த நாள் வாவி முழுவதற்கும் கேட்டேன். அதே 300. ஏன் என்று கேட்டால், “உண்டியலில் போடும்போது கோபுரத்தின் உயரத்தை அளந்தா போடுகிறோம்?” என்கிறாள். மருமகள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள்.

அப்புறம், உன்னிடமும் கேட்கச் சொன்னாள். வந்து பார்க்கவே போவதில்லை, ஆனாலும் அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே போதும் என்பவனுடைய மதிப்புக்கு ‘இருப்பு மதிப்பு’ என்று பெயராம். பூரணை இரவில் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்து மீன் பாட்டுக் கேட்டவன் நீ, இப்போது கனடாவில் பனி தள்ளுகிறாய். வருடத்துக்கு எத்தனை டொலர் என்று எழுது. எந்தச் செலவைக் குறைப்பாய் என்றும் எழுது, இல்லாவிட்டால் அவள் உன் தாளை ஏற்கமாட்டாள்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புக்காரன்