உங்கம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்

நாமக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நான் ஒன்பது தடவை பார்த்துவிட்டேன். உங்கம்மா அதற்கு மேல் பார்த்திருப்பாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்று எழுதியிருந்தாய். அந்தச் செய்தியைத் திறந்து எனக்குப் படித்துக் காட்டியதே அவள்தான். அதனால் அந்தக் கவலையை விட்டுவிடு.

கனடாவில் ஒரு கார் நிறுத்துகிற இடம், ஏழெட்டுப் பஞ்சாபிப் பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள், ஒருவன் வாயாலேயே தாளம் போடுகிறான், நடுவில் நீ தமிழில் ராப் சொல்லிக்கொண்டு போகிறாய். மூன்றாவது வரியில் உனக்குத் திக்கியது. யாரும் சிரிக்கவில்லை. "ஓய்" என்று கத்தி உன்னை அடுத்த வரிக்குத் தள்ளினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். போனில் இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் நடுவில் உங்கம்மா புகுந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கும் உட்கார்ந்தே பொழுது போகிறது. எழுதிவிடலாம் என்று தோன்றியது.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1987-ல் நான் உன் பெரிய தாத்தா வண்டியில் கிளீனர். திருப்பூரில் நூல் ஏற்றிக்கொண்டு லூதியானா போவோம். அங்கே ஸ்வெட்டர் கம்பெனிகளில் இறக்கிவிட்டு, சைக்கிள் சாமான் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். பஞ்சாபில் அப்போது துப்பாக்கிக் காலம். இருட்டுவதற்கு முன்னாலேயே ஏதாவது ஒரு டாபாவில் வண்டியை ஓரம் கட்டிவிடுவோம். கயிற்றுக் கட்டிலும் ரொட்டியும் பருப்பும், விடிய விடிய டேப்பில் சம்கீலா பாட்டும்தான். அமர் சிங் சம்கீலாவும் அமர்ஜோத்தும் மாறி மாறிப் பாடுவார்கள். கூடவே தும்பி என்று ஒற்றைத் தந்தி வாத்தியம் கொசு மாதிரி காதுக்குள்ளேயே சுற்றும். பாஷை ஒரு எழுத்து புரியாது. ஆனால் டோல் என்கிற மேளம் மட்டும் தனியாக வருகிற இடத்தை ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணிக் கேட்டு, டாபாக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

டேப் ஓய்ந்த பிறகு அந்த ஊர் டிரைவர்கள் கையைத் தட்டிக்கொண்டு தாங்களே ஆரம்பிப்பார்கள். அதற்குப் பெயர் போலி. நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம், அங்கே அது பாட்டு. ஒருவர் ஒரு வரியைப் போடுவார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தட்டுவார்கள், அடுத்தவர் தன் வரியைப் போடுவார். பழைய போலிகளும் வரும், எதிரில் இருப்பவனைப் பார்த்து அப்போதே கட்டுவதும் வரும். ஒரு ராத்திரி அவர்கள் கண்ணில் பட்டது என் லுங்கி. என்ன பாடினார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லோரும் என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வயது பத்தொன்பது. ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று, உன் ஆத்தா கும்மிக்குப் பாடுகிற மெட்டில் இப்படிப் போட்டேன்:

லுங்கியைக் கண்டு சிரிக்காதீங்க – உங்க
லூதியானா நூலே எங்களுதுங்க.

ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் தாளத்தில் சரியாக விழுந்துவிட்டது. கிழவர் ஒருவர் கட்டிலை விட்டு எழுந்து வந்து முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார், பாராட்டுக்கு. அன்றைக்கு ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. உங்கம்மா இதை நம்பமாட்டாள். நீயாவது நம்பு.

சரி, ஃப்ரீஸ்டைல் என்கிறாயே, அது என்ன என்று தெரிந்துகொள்ள நாலு ராத்திரி சின்னவனைத் தூங்கவிடாமல் போனில் தேடச் சொன்னேன். ராப்புக்குத் தாய்வீடான ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்கிறார்கள். நியூயார்க்கில் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. சிண்டி என்று ஒரு பெண், பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று ஒரு விருந்து நடத்துகிறாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. பாட்டுப் போட்டது அவள் அண்ணன் கிளைவ் கேம்ப்பெல், ஊருக்கு அவன் பெயர் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவில் பிறந்து சிறு வயதில் அங்கே வந்தவன், அப்போது பதினெட்டு வயது. பாட்டு நடுவில் டிரம் மட்டும் வருகிற இடத்தில்தான் ஆடுபவர்களுக்குப் பேய் பிடிக்கிறது என்று கவனித்து வைத்திருந்தான். அதனால் ஒரே இசைத்தட்டை இரண்டு வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி, அதை நீட்டிக்கொண்டே போனான். நான் ரீவைண்ட் பண்ணித் திட்டு வாங்கினேன், அவன் அதையே தொழிலாக்கிவிட்டான்! அந்தத் தாளத்தின் மேல் மைக்கைப் பிடித்து, வந்திருப்பவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எதுகையாக எதையாவது வீசியவர் அவன் நண்பர் கோக் லா ராக். ஜமைக்காவில் தெருவில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடும்போதும் இப்படி மேலே பேசுகிற வழக்கம் உண்டு.

பிராங்க்ஸ் எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதையும் பார்த்தேன். ஊருக்கு நடுவில் ஒரு விரைவுச் சாலையை அறுத்துக்கொண்டு போட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பிவிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் ரோட்டில் சோறு தின்றவன் நான். ரோடு போட்டு ஒரு ஊரைச் சாகடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மிச்சம் இருந்த கட்டடங்கள் எரிந்தன, சிலவற்றை இன்ஷூரன்ஸ் காசுக்காகச் சொந்தக்காரர்களே கொளுத்தினார்கள். பையன்கள் கோஷ்டி கோஷ்டியாகப் பிரிந்து வெட்டிக்கொண்டார்கள். 1971 டிசம்பரில் சமாதானம் பேசப் போன பிளாக் பெஞ்சி என்ற இளைஞனையே அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவன் கோஷ்டிக்காரர்கள் பழிக்குப் பழி என்று கிளம்பவில்லை. எல்லாக் கோஷ்டிகளையும் ஹோ அவென்யூவில் ஒரு மன்றத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். அதற்கப்புறம்தான் ஒரு தெருப் பையன் கொஞ்சம் தைரியமாக இன்னொரு தெருவுக்குப் போக முடிந்தது. ஒரு வருஷம் எட்டு மாதம் கழித்து சிண்டியின் விருந்து.

இதை நான் உனக்காகத்தான் நீட்டிச் சொல்கிறேன், அம்மணி. அருவாளைக் கீழே வைத்த பிறகு வாயால் சண்டை போட்டுக்கொள்ள வந்த விளையாட்டு இது. பஞ்சாபிலும் கல்யாண வீட்டில் பெண் வீட்டுப் பொம்பளைகள் மாப்பிள்ளை வீட்டாரை வைது பாடுவார்கள், சிட்டணி என்று பெயர். மாமனார் தொந்தியில் இருந்து மாப்பிள்ளை மூக்கு வரை எதுவும் தப்பாது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் நலங்கில் நடப்பதும் அதுதானே. உன் அத்தை என் அப்பாவைப் பாடிய பாட்டை நான் இங்கே எழுத முடியாது.

ஃப்ரீஸ்டைல் என்ற வார்த்தையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆரம்பத்தில் அதற்கு, குறிப்பிட்ட விஷயம் எதுவும் இல்லாமல் தன் திறமையைக் காட்ட எழுதிவைத்துக்கொண்டு சொல்வது என்றுதான் அர்த்தமாம். பிக் டேடி கேன் போன்ற பழைய ராப்காரர்களே இதைச் சொல்கிறார்கள். நின்ற இடத்தில் கட்டுவதுதான் ஃப்ரீஸ்டைல் என்பது பின்னால் கெட்டியானது. அதற்கு லாஸ் ஏஞ்சலஸில் குட் லைஃப் என்ற ஒரு சின்னக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரோக்கிய உணவு விற்ற கடை. 1989 கடைசியில் இருந்து வியாழக்கிழமைதோறும் அங்கே யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்று இருந்தது. கெட்ட வார்த்தை மட்டும் பேசக் கூடாது. சொதப்பினால் கூட்டமே சேர்ந்து, தயவுசெய்து மைக்கைக் கொடுத்துவிடு என்று கத்துமாம். ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப் என்ற குழு அங்கே வளர்ந்ததுதான். உங்கம்மாவுக்கு இந்த ஒரு கடையை மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்புறம் உன் வரிகளைப் பற்றி. வருகிறேன், போகிறேன், பார்க்கிறேன் என்று முடித்தாய். தமிழில் அப்படி முடிந்தால் அது எதுகையும் ஆகாது, இயைபு என்று சொல்லிக்கொள்ளவும் வெட்கப்பட வேண்டும். வினைச்சொல் எல்லாம் தானாகவே ஒரே மாதிரி முடிகிற பாஷை நம்முடையது. அதில் என்ன சாமர்த்தியம்? எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா இதற்குக் காதைத் திருகுவார். பெயர்ச்சொல்லில் முடி. ராப்காரர்கள் ஒரு தந்திரம் சொல்கிறார்கள்: அடுத்த வரியின் கடைசி வார்த்தையை முதலில் பிடித்துக்கொண்டு, வாய் இந்த வரியைச் சொல்லும்போதே மனசு அங்கே போய்ச் சேர வேண்டுமாம். மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதும் அப்படித்தான், இந்த வளைவில் திருப்பும்போது கண் அடுத்த வளைவில் இருக்கும்.

உன் கூட்டாளிகளின் ராப் எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று கேட்டிருந்தாய். நான் பார்த்தவரை அது ஊரை விட்டுப் போனவர்களிடம் வளர்ந்தது. இங்கிலாந்தில் கவென்ட்ரியைச் சேர்ந்த பஞ்சாபி எம்.சி. என்பவர் தும்பியையும் ஹிப் ஹாப் தாளத்தையும் ஒட்டவைத்த பாட்டு 1998-ல் வந்து, நாலைந்து வருஷம் கழித்து உலகமெல்லாம் ஓடியது. 2003-ல் அமெரிக்க ராப்பர் ஜே-ஸீயே வந்து அதில் தன் பங்கைச் சேர்த்தார். கராச்சியில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த ரோஜர் டேவிட், பொஹீமியா என்ற பெயரில் முழுக்கப் பஞ்சாபியில் ராப் பண்ண ஆரம்பித்தார். 2002-ல் வந்த அவர் ஆல்பத்தின் பெயருக்கே 'பரதேசத்தில்' என்றுதான் அர்த்தம். டாக்ஸிக்காரர்களும் லாரிக்காரர்களும் கேட்டார்கள். யோ யோ ஹனி சிங் வந்தார், ஏ.பி. தில்லான், கரண் ஔஜ்லா என்று வந்தார்கள். 2023-ல் தில்ஜித் தோசாஞ் தலைப்பாகையோடு அமெரிக்காவில் கோச்செல்லா இசைவிழா மேடையில் நின்று பஞ்சாபியில் பாடினார். அதைப் பார்த்தபோது டாபாவில் முதுகில் அறைந்த கிழவர்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.

இனி எழுத வேண்டியதைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். உன் அறையில் ஒட்டியிருக்கிற படம். பஞ்சாபி ராப் பாடகன் சித்து மூஸேவாலா. பஞ்சாபில் மான்சா மாவட்டத்தில் மூஸா என்ற கிராமம். லூதியானாவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, உன்னைப் போலவே பிராம்ப்டனுக்குப் படிக்கப் போன பிள்ளை. 2017-ல் பாட்டு வெளிவந்ததும் ஊரே திரும்பிப் பார்த்தது. பெரிய ஆளான பிறகு ஊரிலேயே, டிராக்டரும் நிலமுமாக வந்து உட்கார்ந்துகொண்டான். பாட்டில் எல்லாம் துப்பாக்கி. அதற்காக வழக்குகளும் வந்தன. 2022 மே மாதம், காரில் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ராப்பர் டுபாக்கை நினைத்து ஒரு பாட்டு வெளியிட்டான். இரண்டு வாரம் கழித்து, மே 29 அன்று, அவனையும் வண்டியிலேயே சுட்டார்கள். முந்தின நாள்தான் அவனுக்கு இருந்த போலீஸ் பாதுகாப்பைக் குறைத்திருந்தார்கள். 29 வயது ஆகப் பதின்மூன்று நாள் பாக்கி.

துப்பாக்கியைப் பாடினான், அதனால் செத்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சம்கீலா சாராயத்தையும் கள்ளக் காதலையும்தான் பாடினார். 1988 மார்ச் 8 அன்று மெஹ்சம்பூரில் கச்சேரிக்குப் போய் இறங்கியபோது அவரையும் அமர்ஜோத்தையும் கூட இருந்த இரண்டு பேரையும் சுட்டுவிட்டார்கள். யார் என்று இன்றுவரை நிரூபிக்கவில்லை. அந்த வாரம் நாங்கள் கன்னா பக்கத்தில் நின்றிருந்தோம். டாபாக்காரர் கேசட்டை டேப்பில் இருந்து எடுத்து, துண்டில் துடைத்து, கல்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ரேடியோ மட்டும் ஓடியது. போலி பாட யாரும் ஆரம்பிக்கவில்லை.

மூஸேவாலாவின் அப்பா அம்மாவைச் செய்தியில் பார்த்திருப்பாய். ஒரே பிள்ளை. 2024 மார்ச்சில், அறுபதை நெருங்குகிற வயதில், சிகிச்சை எடுத்து அந்த அம்மா இன்னொரு பையனைப் பெற்றாள். அவனுக்கும் பெரியவனின் சொந்தப் பெயரையே வைத்தார்கள், சுப்தீப் என்று. அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு உங்கம்மா உனக்கு மூன்று தடவை போன் போட்டாள். எதற்கு என்று நீ சலித்துக்கொண்டாய். இதற்குத்தான்.

படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அந்தக் குரலில் மண் வாசனை இருக்கிறது, மான்சாப் பருத்திக்காட்டின் வாசனை, எனக்கும் பிடிக்கும். உன் வாயில் துப்பாக்கி வராமல் பார்த்துக்கொள் என்பதுதான் நான் கேட்பது. வைய வேண்டுமா, வை. லுங்கியை வை, மூக்கை வை, சமையலை வை. அந்த ஹர்ப்ரீத்தோ யாரோ ஒரு பையன் உன் உயரத்தைக் கிண்டல் பண்ணினானே, அவன் தாடியை நீ சும்மா விட்டது எனக்கு வருத்தம்தான்.

அவர்களிடம் எங்கள் அப்பாவும் பஞ்சாபுக்கு வண்டி ஓட்டியவர் என்று சொல். உங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் ஒரு லாரி டிரைவர் இருப்பார், புரிந்துகொள்வார்கள். லூதியானா நூல் வரியை வேண்டுமானால் எடுத்துக்கொள், அர்த்தம் சொல்லிவிட்டுப் பாடு. முப்பத்தெட்டு வருஷம் கழித்தாவது அவர்களுக்குப் புரியட்டும்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடுவீர்கள் என்றாயே, இங்கே ஞாயிறு காலை ஆறரை. பால்காரர் வந்து போயிருப்பார். போனைப் போட்டு அந்த வட்டத்தின் ஓரத்தில் எங்கேயாவது வைத்துவிடு. நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடமாட்டோம். கடுங்குளிர் என்றால் மட்டும் உங்கம்மா குல்லா எங்கே என்று கேட்பாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்
அப்பா