அந்தத் திரைச்சீலையை வெட்டாதே

அன்புள்ள மாலா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கால் தேவலை, நான் நலம், கோபு இன்னும் அந்தத் தகரக் கவசத்தை விற்கவில்லை. இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதக் காரணம் உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி. சனிக்கிழமை லார்ப் ஆட்டத்துக்கு, அதுதான் வேஷம் போட்டுக் கதாபாத்திரமாகவே நடித்து ஆடும் நம் விளையாட்டுக்கு, மேலங்கி தைக்க வீட்டிலிருக்கும் பளபளப்புத் திரைச்சீலையை வெட்டப்போகிறாயாமே. அடியே, கத்தரிக்கோலைக் கீழே வை.

போன ஆட்டத்தில் நானும் அப்படி ஒன்றைத்தான் போர்த்தியிருந்தேன், வெளிச்சத்தில் ராணி மாதிரி மின்னியது, எனக்கு ஒரே பெருமை. ராத்திரி எல்லோரும் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்தபோது ஒரு பொறி வந்து ஓரத்தில் விழுந்தது. துணி உருகிச் சொட்டாகக் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது, உரித்தால் தோலும் சேர்ந்து வந்தது. காசளவு தழும்பு இன்னும் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

அதனால் முதலில் ஒரு சோதனை. எந்தத் துணியானாலும் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்துத் தானே அணைந்துபோகும். பாலியஸ்டரோ நைலானோ என்றால் உருகி நுனியில் கெட்டியாக ஒரு மணி உருளும். மணி வந்தால் அந்தத் துணி வேண்டவே வேண்டாம். பருத்தியும் எரியும்தான், அதைப் போட்டுக்கொண்டு தீயருகே ஆட்டம் போடாதே. பழைய கம்பளிப் போர்வை இருக்கிறதா? அதுதான் உன் மேலங்கி, தைக்கக்கூட வேண்டாம்.

உள்ளே போட அங்கிக்குப் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு போதும். தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து, அதைப் போல் இரண்டு மடங்கு நீளம் எடு. குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு, இப்போது நாலு அடுக்கு. மார்புச் சுற்றளவில் கால் பங்கோடு 5 செ.மீ. கூட்டி உடம்பு அகலம் வை, மேலே கையை நீட்டி விட்டு வெட்டினால் விரிக்கும்போது சிலுவை வடிவில் வரும். அக்குளை மட்டும் வளைவாக வெட்டு. நான் நேர்மூலையாக வெட்டி, வாளை ஓங்கிய முதல் வீச்சிலேயே டர்ரென்று கிழிந்து, ராஜா வேஷத்தில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்ததை மறக்க மாட்டேன். கழுத்தைச் சின்னதாக வெட்டித் தலையை நுழைத்துப் பார், போதாவிட்டால் முன்பக்கம் ஒரு கீறல் கீறிக்கொள்ளலாம், பெரிதாக வெட்டிவிட்டால் தோளில் நிற்காது. பக்கத்தில் இரண்டு தையல், முடிந்தது வேலை. இடுப்புக்குக் கீழே பிரித்தே விடு, ஓட வேண்டுமே. வெள்ளை கண்ணை உறுத்தினால் கெட்டியான தேயிலைச் சாயத்தில் ராத்திரி முழுக்க ஊறப்போடு, திட்டுத் திட்டாகப் பிடித்தால் இன்னும் நல்லது.

அப்புறம் இடுப்புவார். அது மட்டும் அகலமாக, நீளமாக, ஒரு நுனி தொங்கும்படி இருந்தால் போதும், சாக்கு மாதிரி இருந்த துணிகூட உடுப்பாகிவிடும். காலணிக்குக் காசு செலவழிக்காதே. மிச்சத் துணியைக் கையகலப் பட்டையாகக் கிழித்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்று. பார்க்கிறவர்கள் கண் அதில்தான் போகும், கீழே இருக்கும் ஷூவைக் கவனிக்க மாட்டார்கள்.

"போலி என்று தெரிந்துவிடாதா" என்று கேட்டிருந்தாய். 1982இல் இங்கிலாந்தில் 'ட்ரெஷர் ட்ராப்' என்று இதே மாதிரி ஆட்டத்தை பெக்ஃபோர்டன் கோட்டையில்தான் தொடங்கினார்கள். அந்தக் கோட்டை இடைக்காலத்துக் கோட்டை போலவே 19ஆம் நூற்றாண்டில் கட்டியது! கோட்டையே வேஷம் போட்டு நின்றிருக்கிறது, நீ ஒரு போர்வைக்குக் கவலைப்படுகிறாய்.

ஒன்று மறந்துவிட்டேன், எங்கேயும் ஊக்கு குத்தாதே. மல்லுக்கட்டும்போது கழன்று எதிராளியைக் குத்தும். ஓடு தையலாவது போடு.

நூலைக் கொளுத்தியதும் மணி வந்ததா சாம்பல் வந்ததா என்று நாளைக்கே எழுது. ஒட்டு மீசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ, போன தடவை பட்டது போதும்.

உன்,
கௌரி