எங்கள் ஒரே அறைப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டி மூன்றாவது மனு

மதிப்புக்குரிய கல்விப் பணிப்பாளர் அவர்கட்கு,

ஐயா,

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்காலோரம் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரை பற்றி ஏற்கெனவே இரண்டு மனு தந்தோம். பதில் வரவில்லை. ஜீப் ஏற முடியாததால் தாங்கள் இறங்கி வாய்க்கால் கட்டால் நடந்து வந்த அதே இடம்தான், அதனால் வழி எழுதவில்லை.

1. 1936இல் இந்தக் குடியேற்றம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் என் அப்பப்பாவும் ஒருவர். காடு வெட்டி, காய்ச்சலில் கிடந்து எழும்பி, வயலாக்கியவர்கள் கட்டிய அறை இது. முதலில் கிடுகு, பிறகு கல்லும் சுண்ணாம்பும் ஓடும்.

2. 2009இல் போரில் ஓடும் மரமும் போயின. மீளக்குடியேறியபோது போட்ட தகரம்தான் இன்றும்.

3. மாரி தொடங்கினால் தகரத்து இரைச்சலில் ரீச்சர் சொல்வது முன்வாங்குக்கும் கேட்காது. ஐந்து வகுப்பு, 23 பிள்ளைகள், ஒரே ரீச்சர். கரும்பலகையைக் கோடு கீறிப் பிரித்து எழுதுவார். அந்தப் பலகையிலேயே தண்ணீர் வழிகிறது. ஒழுக்கு இல்லாதது ஒரு மூலை மட்டும். 23 பேரும் கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அங்கே நெருங்கி நிற்பார்கள். வாங்கு போட இடமில்லை, இருந்து எழுத வழியில்லை. போன கார்த்திகையில் 11 நாள் இப்படி. இரண்டாம் தரத்தில் இருக்கும் என் பேத்தி வீட்டுக்கு வந்து, "இண்டைக்கும் நிண்டனாங்கள் அப்பப்பா" என்றாள். படித்தோம் என்று சொல்லவில்லை.

4. ஆட்கள் வந்து இரண்டு முறை அளந்தார்கள். அறை வளரவில்லை ஐயா, அதே அளவுதான்! இடித்துப் புதிது கட்டலாம் என்றார் ஒருவர். பழமையான கட்டடம், தொடக்கூடாது என்றார் மற்றவர். சரி, எது? இடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. நாங்களே காசு சேர்த்து ஓடு போடுகிறோம் என்றால் அனுமதி வேண்டுமாம். அந்த அனுமதியைக் கேட்டுத்தான் இரண்டாவது மனு எழுதினோம்.

5. கூரை ஐயா. கூரை மட்டும்.

சுவர் உறுதியாக நிற்கிறது, அதை விட்டுவையுங்கள். வளையும் சிலாகையும் ஏற்றத் தச்சர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், கூலி கேட்க மாட்டார்கள். மரமும் ஓடும் தாருங்கள். அதுவும் முடியாதென்றால் அனுமதிக் கடிதமாவது தாருங்கள். ஐப்பசிக்கு முன் தாருங்கள். இரணைமடுவின் வான்கதவு திறந்தபிறகு மூன்றாம் முறை அளக்க ஆள் அனுப்பவேண்டாம். அப்போது வாய்க்கால் கட்டால் நடந்தும் வர முடியாது.

இங்ஙனம்,
பெற்றோர், பழைய மாணவர் சார்பில்