பல்லைக் கடித்துக்கொண்டு

அன்புள்ள முருகேசா,

வயிறு எரிகிறது, மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே இல்லை, ஆனால் கவலை என்று எதுவும் கிடையாது என்று எழுதியிருக்கிறாய். மகள் கல்யாணக் கடனைப் பற்றி அதே கடிதத்தில் ஒன்றரைப் பக்கம்! சிரித்துவிட்டேன். போன வருடம் நானும் 'எனக்கென்ன கவலை' என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு பல். தீபாவளி முறுக்கைக் கடித்தேன், கடைவாய்ப் பல் விண்டுபோனது. "தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா?" என்று பல் டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். "அம்மி அரைக்கிற மாதிரி இருக்கும் டாக்டர்" என்றாள் ராணி. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று வெளியே வந்து கேட்டேன். "எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறீர்களே." அதுவும் மன அழுத்தத்தின் அறிகுறிதானாம். பிறகு பாலிகிளினிக் போனால் ரத்த அழுத்தம் 152க்கு 96.

சிங்கப்பூரில் என் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைதான் உனக்குத் தெரியுமே. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ராத்திரி முறை. எந்த பிளாக்கில் லிஃப்ட் நின்றாலும் என் போன்தான் அடிக்கும். முறை இல்லாத வாரத்திலும் காது மட்டும் விழித்தே கிடந்தது. தாதிமைப் படிப்பு படிக்கும் மகள் சொன்னாள்: சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் சுரக்கிறது. அது விடிகாலையில் ஏறி, ராத்திரி இறங்க வேண்டும். பதற்றம் மாதக்கணக்கில் நீண்டால் இந்த ஏற்ற இறக்கமே குழம்பிவிடலாமாம். எனக்கு லிஃப்ட் கம்பிக்கயிறு ஞாபகம் வந்தது. ஒருநாள் பாரத்தில் அது அறுவதில்லை. கப்பியில் திரும்பத் திரும்ப வளைந்து, இழை இழையாக விடும். அறுந்த இழைகளை எண்ணித்தான் கயிற்றை மாற்றுவோம். என் இழைகளை நான் எண்ணவில்லை.

மகள் தியானம் செய்ய ஒரு ஆப் போட்டுக்கொடுத்தாள். அதில் மணி அடித்ததும் எந்த லிஃப்ட் நின்றதோ என்று எழுந்து சட்டையைத் தேடினேன். அதை அழித்தாயிற்று. உருப்படியாக உதவியது, மேலதிகாரியிடம் வாய் திறந்து கேட்டதுதான். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் ராத்திரி வேலை. மற்ற நாளில் போன் சமையலறையில் தூங்குகிறது. முதல் பத்து நாள் எனக்குத்தான் தூக்கமில்லை! சாயங்காலக் கோப்பியையும் விட்டேன். ஞாயிறு காலையில் செம்பவாங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்காருவோம். பக்கத்தில் சனங்கள் வாளியில் முட்டை அவிப்பார்கள், பேச்சுக்குப் பஞ்சமில்லை.

நீ முதலில் டாக்டரைப் பார். வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணமும் இருக்கலாம், எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டாதே. ராத்திரியில் யாரிடமாவது பேசத் தோன்றினால் உங்கள் பக்கம், இந்தியாவில், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். கடன் கணக்கைக் கமலாவிடமும் சொல். மூன்று மணிக்கு நீ எழுந்து உட்காருவது அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்?

பல் டாக்டர் தந்த கவசத்தை ராத்திரியில் மாட்டிக்கொள்கிறேன். அதில் பல் பதிந்த தடத்தை ராணி காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நேற்று, "பரவாயில்லை, நேற்று ஆள் தூங்கியிருக்கிறது" என்றாள்.

ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
செல்வம்