கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்: இணையத்தை ஊராகச் சேர்ந்து கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் ஸ்டாங்கர், டார்நால், கிளென்டேல், டோங்காட் சுற்றுவட்டாரக் கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கும், தமிழ் வகுப்பு நடத்தும் அக்காமார் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே படிக்கும்படி தொடங்கிய தமிழ் வகுப்பை இன்னும் விடாமல் நடத்துகிறீர்கள். புரட்டாசிப் பூஜையையும் காவடியையும் வர முடியாதவர்கள் பார்க்கட்டும் என்று நேரலையில் காட்டுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் சனிக்கிழமை வகுப்பில் கடைசிவரை திரையில் இருப்பவர்கள் யார் என்று கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் டவுன் பிள்ளைகள். கரும்புக்கு நடுவே மண் ரோட்டோரம் வீடு உள்ள பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பார்கள், அப்புறம் பெயரே மறைந்துவிடும். ஒரு கூட்டத்தில், ‘அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை’ என்று ஒருவர் சொன்னார். அக்கறை இருக்கிறது அண்ணா. லைன்தான் இல்லை.

கூரை ஏறி ஆன்டெனா மாட்டிப் பிழைத்தவன் நான். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கிராமத்து வீடுகளுக்கு இணையம் எடுக்கும் பொறுப்பை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் தனித்தனியாகப் போடாதீர்கள். கமிட்டி முன்னால் நின்று ஊருக்காகச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? வாட்ஸாப் குழுவில் யாராவது ஒரு விளம்பரத்தைப் போடுகிறார். ‘எங்க வீட்ல சூப்பரா ஓடுது, எல்லாரும் இதையே எடுங்க.’ அவர் வீடு ஹைவே பக்கம். அதை நம்பிப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஆயா ஒருவர் பென்ஷன் பணத்தில் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். ரூட்டர் வருகிறது, விளக்கு எரிகிறது, படம் நகரவில்லை. தயவுசெய்து இந்த ஃபார்வர்டுகளை நிறுத்துங்கள்.

டவுனில் அந்த யோசனை சரிதான். தெருவில் ஃபைபர் போயிருந்தால் யாரிடம் வாங்கினாலும் கம்பி ஒன்றுதான், விலையையும் சேவையையும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் கதையே வேறு. டெலிபோன் செம்புக் கம்பி பாதி திருட்டுப் போனது, மீதியைப் பழுதுபார்க்க யாரும் வருவதில்லை. ஃபைபர் வீடுகள் நெருங்கி இருக்கும் இடத்துக்குத்தான் வரும். மிச்சம் இருப்பவை செல்போன் டவர் வழியாக வரும் எல்டிஇ, மேட்டில் நட்ட கம்பத்திலிருந்து கூரை டிஷ்ஷுக்கு வரும் வயர்லெஸ், அப்புறம் செயற்கைக்கோள். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. அந்த வீட்டுக்கு எது எடுக்கும் என்று கேட்டால்தான் பதில் உண்டு. பக்கத்து வீட்டுக்குச் சரியாக இருப்பது இந்த வீட்டுக்குச் சரிவராமல் போகலாம், நடுவில் ஒரு மேடு போதும்.

எல்டிஇயை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். கம்பெனியின் வெப்சைட்டில் வரைபடம் முழுக்க வண்ணம் பூசியிருக்கும். அது பெரும்பாலும் கணினி போட்ட கணக்கு, உங்கள் வீட்டுக்கு வந்து யாரும் அளந்ததல்ல. கணக்கு திறந்தவெளிக்குப் பொருந்தலாம். தகரக் கூரைக்குள் சிக்னல் என்ன ஆகும் என்று அந்த வண்ணத்துக்குத் தெரியாது. இன்னொன்று, போனில் நாலு கோடு தெரிவதால் வேகம் வந்துவிடாது. கோடு காட்டுவது டவர் கேட்கிறதா என்பதை மட்டும். அந்த டவரை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பது சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் தெரியும், எல்லோரும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்த பிறகு. காலை பத்து மணிக்கு வந்து சோதித்துக் காட்டும் விற்பனையாளரிடம் சிரித்துவிட்டு, ‘ராத்திரி வாங்க தம்பி’ என்று சொல்லுங்கள்.

மேடு பள்ளத்தில் 700, 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைதான் தூரம் போகும். அது நெடுநாள் பழைய அனலாக் டிவியின் கையில் இருந்தது. 2022 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசா இவற்றையும் சேர்த்து ஏலம் விட்டது, கம்பெனிகள் 14 பில்லியன் ராண்டுக்கு மேல் கொடுத்து வாங்கின. வாங்கியதால் எல்லா டவரிலும் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அதனால் உங்கள் பகுதி டவரில் அந்த அலைவரிசை போட்டிருக்கிறார்களா என்று கம்பெனியிடம் நேராகக் கேட்க வேண்டும். ஒரு ஆயா கேட்டால் கால் சென்டர் பதில் சொல்லாது. ஐம்பது வீட்டுப் பட்டியலோடு கமிட்டி எழுதினால் யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேக்கேஜ் பெயரையும் நம்பாதீர்கள். பெரிய எழுத்தில் ஒரு ஜிபி கணக்கு போட்டிருப்பார்கள், அதில் ஒரு பங்கு நள்ளிரவுக்கு மேல் மட்டும் செல்லும். ராத்திரி ஒரு மணிக்கு யார் திருக்குறள் படிப்பது? ‘அன்லிமிடெட்’ என்று போட்டாலும் நியாயமான பயன்பாடு என்று கீழே ஒரு வரி இருக்கும், அந்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். சில சிம் ஒரே டவரில் மட்டும் ஓடும்படி பூட்டி வரும், வீடு மாறினால் அவ்வளவுதான்.

வகுப்புக்கு வேண்டியது டவுன்லோடு வேகம் மட்டுமல்ல. பிள்ளை வாசிப்பது ஆசிரியருக்குக் கேட்க வேண்டுமானால் அப்லோடு வேண்டும். விளம்பரத்தில் அந்த எண்ணைப் போடவே மாட்டார்கள். எந்த நெட்வொர்க் எடுப்பதென்று பார்க்க, ஒவ்வொரு நெட்வொர்க்கின் பிரிபெய்டு சிம்மையும் ஒரே போனில் மாற்றிப் போட்டு, அந்த வீட்டு வாசலில், சனிக்கிழமை வகுப்பு நேரத்திலும் ஒரு வாரநாள் இரவிலும் அளந்து பாருங்கள். இளைஞர் அணிப் பிள்ளைகளுக்கு இது ஒரு வாரயிறுதி வேலை. செலவு சில சிம் கார்டுகள்தான்.

மேட்டுக் கம்பத்து வயர்லெஸ் என் கட்சி, அதனால் கொஞ்சம் சாய்ந்து பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன உள்ளூர் கம்பெனிகள் நடத்துவது அது. பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும். கூரையிலிருந்து கம்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் கிடையாது, பேச்சே இல்லை. கரும்பு எவ்வளவு வளர்ந்தாலும் கூரையை மறைக்காது. மறைப்பது கம் மரம். யூகலிப்டஸ் இந்த மண்ணில் வளரும் வேகம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று மாட்டும்போது தெளிவாகத் தெரியும் கம்பம் மூன்று வருஷத்தில் இலைக்குப் பின்னால் போய்விடும். அதனால் நடுவில் யார் தோட்டம் இருக்கிறது, அங்கே என்ன நட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். இடியும் இங்கே சாதாரணமல்ல. கோடை மழையில் எர்த் போடாத ஒரு டிஷ் தன்னோடு ரூட்டரையும் டிவியையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆனால் இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கெட்டுப்போனால் ஏணியோடு வரும் ஆளின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

செயற்கைக்கோளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வகை பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கிறது. பேச்சு போய் வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். மின்னஞ்சலுக்குப் போதும், வகுப்புக்கு எரிச்சல். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் இங்கே உரிமம் வேண்டுமானால் கம்பெனியில் 30 சதவீதப் பங்கு முன்பு ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கு என்ற விதி இருக்கிறது, அதன் மேல் வாதம் நீண்டுகொண்டே போகிறது. 2025 மே மாதம் அமைச்சர் மாற்று வழிக்கு ஒரு வரைவு வெளியிட்டார். அக்கம்பக்க நாடுகளில் பதிவு செய்த ஸ்டார்லிங்க் டிஷ் செட்டை இங்கே கொண்டுவந்து ஓட்டுவது சட்டப்படி செல்லாது என்று ஐகாசா 2023-லேயே எச்சரித்தது. யாரோ ஒருவர் மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார் என்று கோயில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுதிக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். நியாயமான ஒரு தொகையைக் கம்பெனி பிடிக்கலாம், மீதி மாதங்கள் முழுவதையும் கேட்க முடியாது. வீடு தேடியோ போனிலோ வந்து விற்றிருந்தால், ஐந்து வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் ஓடாத லைனுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துக் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமே.

மின்சாரம் இன்னொரு தலைவலி. முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங் குறைந்துவிட்டதாக நினைக்கிறோம், ஆனால் கம்பி திருட்டாலும் புயலாலும் நம் பக்கம் கரண்ட் போவது நிற்கவில்லை. வீட்டு ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடலாம். டவரில் பேட்டரியைத் திருடிக்கொண்டு போயிருந்தால் வீட்டு யுபிஎஸ் எதற்கு? கரண்ட் போனால் உங்கள் கம்பம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, கமிட்டி என்ன செய்ய முடியும்?

நம் கோயில்கள் பலவும் மேட்டில் இருக்கின்றன. வயர்லெஸ் கம்பெனிகள் காசு கொடுத்துத் தேடும் இடம் அதுதான். ஹாலுக்குப் பின்னால் ஒரு கம்பம் நட இடம் கொடுங்கள். வாடகை கேட்காதீர்கள். பதிலாக ஹாலுக்கு இலவச லைன், கீழே தெரியும் வீடுகளுக்கு மாதாமாதம் நிறுத்திக்கொள்ளும் ஒப்பந்தம், நிறுவுவதற்கு ஒரே விலை, பேட்டரியும் சோலாரும் கம்பெனி செலவு என்று எழுதி வாங்குங்கள். லைன் எட்டாத வீட்டுப் பிள்ளைகள் ஹாலில் வந்து உட்கார்ந்து படிக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் ஐகாசா உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு.

‘கோயிலில் டவரா?’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள், தெரியும். கருவறை விமானத்தில் யாரும் கை வைக்கப் போவதில்லை. கொடிமரத்தைவிட உயரம் ஆகாது என்று குருக்கள் சொன்னால், காம்பவுண்டுக்கு வெளியே தள்ளி நடலாம்.

ஊர் சேர்ந்து செய்வது நமக்குப் புதிதா? அந்தக் காலத்தில் அரசாங்கம் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டித் தரவில்லை. ஊர் ஒரு பவுண்டு பணம் போட்டால் மாகாணம் ஒரு பவுண்டு போடும் என்ற ஏற்பாட்டில், தோட்டக் கூலியிலும் காய்கறி விற்ற காசிலும் பணம் சேர்த்துக் கட்டினார்கள். அந்த உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்கள் இன்று உங்கள் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். இணையத்துக்கும் முன்மாதிரி இந்த நாட்டிலேயே உண்டு. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் மான்கோசி என்ற கிராமப் பகுதியில், வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஸென்ஸெலேனி என்ற கூட்டுறவு அமைப்பை ஊர்க்காரர்களே 2014-இல் பதிவு செய்தார்கள். சோலாரில் ஓடும் வயர்லெஸ் வலையை அவர்களே நடத்துகிறார்கள், ஐகாசா உரிம விலக்கும் கொடுத்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்லவில்லை, கம்பெனி நடத்தட்டும். ஆனால் நிபந்தனை போடுகிறவர்கள் நாமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். கம்பத்திலிருந்து கீழே பார்த்தால் தெரியும் கூரைகளில் பாதிக்கு மேல் ஸுலு குடும்பங்களுடையவை. அவர்களையும் பட்டியலில் சேருங்கள். வீடு கூடினால் விலை குறையும் என்பது கணக்கு. அதே ரோட்டில் நடக்கும் பிள்ளைகள் என்பது கணக்குக்கு அப்பாற்பட்டது.

எனக்கு ஆத்திரம் வருவது எங்கே தெரியுமா? இங்கிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரத்தில் இம்டுன்ஸினி. கொச்சியிலிருந்து மொரீஷியஸ், ரீயூனியன் வழியாக வரும் சேஃப் என்ற இணையக் கடல்வடம் 2002 முதல் அங்கேதான் கரை ஏறுகிறது. 2009-இல் சீகாம், அடுத்த வருஷம் ஈஸி (EASSy), அந்த இரண்டு வடங்களும் அங்கேயே. இந்தியாவையும் நம்மையும் சேர்க்கும் கம்பி நம் கடற்கரையில் இறங்குகிறது, ஆனால் கிளென்டேல் பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளை அகரவரிசை சொல்ல லைன் இல்லை. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் இன்னும் நெடுநாள் இருக்கலாம்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்குங்கள். முதல் வேலை பட்டியல்: எந்த வீடு, இப்போது என்ன லைன், எவ்வளவு கட்டுகிறார்கள், கூரையில் நின்றால் கோயில் தெரிகிறதா. திருவிழா வசூலுக்கு வீடு வீடாகப் போகும்போதே இதையும் கேட்டு எழுதிவிடலாம். கூரை ஏறிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் ஏணி என்னிடம் இருக்கிறது.