ராயப்பண்ணனுக்கு, அப்பாவின் கல்லறைக்குக் கல் வைப்பதற்கு முன்

அண்ணா,

கல்லுக்காரர் நேற்று ராத்திரி எனக்கும் போட்டோ அனுப்பியிருக்கிறார். நம்பரை நீதான் கொடுத்திருக்க வேண்டும். கறுப்புக் கல்லில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: அப்பா பெயர், இரண்டு தேதி, கீழே "ஆண்டவர் என் கற்பாறை". வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் வெட்ட ஆரம்பிப்பேன் என்று வாய்ஸ் மெசேஜும் வந்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள், நெருங்க நெருங்க அந்தக் கடைகளில் என்ன கூட்டம் இருக்கும் என்று நம் இருவருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போன் செய்யாமல் ஊர் பார்க்க எழுதுகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். அப்பாவைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தையை நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவில்லை. கடை வாசலில், முன்பின் தெரியாதவர்கள் காதுபடச் சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் இதை உன் கத்தோலிக்கக் கோயில் ஆட்களும் படிப்பார்கள், என் சபையாரும் படிப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று ராத்திரி நாம் பேசியதை இங்கே எழுத மாட்டேன். அது நமக்குள் இருக்கட்டும்.

2011 அக்டோபர் கடைசி வாரம். பெங்களூர் ஓசூர் ரோட்டில் அப்பாவின் கல்லறைக் கல் கடை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அப்பா கையில் என்ன வேலை இருந்தது என்பது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்காது. நீ யாருக்கோ மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாய். யாரோ ஒரு பாட்டியின் பெயரில் வந்த ழகரம் அது. பழைய கல், எழுத்து மழுங்கிப் போயிருந்தது. மற்ற எழுத்துகளையெல்லாம் ஆழப்படுத்திவிட்டு ழகரத்தின் வாலில் நின்றிருந்தார். ஆங்கில எழுத்தை வெட்டுவது சுலபம், நேர்கோடு. நம் எழுத்தில் வளைவு வரும்போது உளியைச் சாய்த்துப் பிடித்து, சுத்தியலை மணிக்கட்டால் மட்டும் தட்ட வேண்டும், கொஞ்சம் அழுந்தினால் வளைவின் உள்பக்கம் பெயர்ந்துவிடும் என்பார். புருவம் முழுக்கக் கல் தூள். மூச்சை அடக்கிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நாம் ஆரம்பித்தோம். நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. மத்தேயு 16:18. "என் பேரே அதுதான். ராயப்பன்னா பேதுரு. இந்தப் பாறை மேலதான் திருச்சபையைக் கட்டினாரு" என்று நீ நெஞ்சில் தட்டிச் சொன்னாய். நான் பாஸ்டரிடம் புதிதாகக் கற்றுக்கொண்டதை எடுத்து வீசினேன்: பெத்ரோஸ் என்றால் கையில் எடுக்கிற கல், பெத்ரா என்றால் மலைப்பாறை, பேதுரு வெறும் கல், பாறை கிறிஸ்துதான் என்று.

இந்தப் பதின்மூன்று வருஷத்தில் அந்த வசனத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். இயேசு பேசியது அரமேயம். யோவான் 1:42-இல் சீமோன் பேதுருவுக்கு அவர் வைத்த பெயர் கேபா. அந்த மொழியில் ஆளின் பெயருக்கும் பாறைக்கும் ஒரே சொல்தான், நான் பெரிதாகப் பிடித்துத் தொங்கிய வித்தியாசம் அங்கே கிடையாது. அதைச் சொன்ன இடமும் பிலிப்புச் செசரியா. எர்மோன் மலையடிவாரம், பின்னால் செங்குத்தாக ஒரு பெரிய பாறைச்சுவர், அதில் ஒரு குகை, பக்கத்தில் ஊற்று. அந்தப் பாறையைக் குடைந்து மாடம் வைத்து வேறு தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே நின்றுகொண்டு ஒரு மீனவனைப் பார்த்து, நீ பாறை என்கிறார். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் திறந்திருப்பேன், வேறு எதையாவது சொல்லியிருப்பேன். இன்றைக்கும் "நீர் கிறிஸ்து" என்ற பேதுருவின் விசுவாச அறிக்கைதான் அந்தப் பாறை என்று நம்புகிறேன். அதில் நான் மாறவில்லை, மாறிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "இந்தக் கல்லின்மேல்" என்று இருக்கிறது. உங்கள் 1995 பொது மொழிபெயர்ப்பில் "இந்தப் பாறையின்மேல்". நாம் இரண்டு பேரும் அவரவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினோம். அப்பாதான் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "எதுக்கு சண்டை? பூமியோட ஒட்டி இருக்கற வரைக்கும் பாறை. வெட்டி எடுத்தா கல்லு. ரெண்டும் ஒரே சாமான்தான்."

அவர் உன் பக்கம் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது. அதுதான் அன்றைக்கு வந்த வினை.

கடை முன்னால் அப்பா செதுக்கி வைத்திருந்த மாதா கெபியை, அந்தச் சிலை மாடத்தைக் காட்டி, "அதுவும் கல்லுதானேப்பா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 115-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். வாயிருந்தும் பேசாது, கண்களிருந்தும் காணாது என்று ஆரம்பித்து, "அவைகளைப் பண்ணுகிறவர்களும் அவைகளைப்போலவே இருக்கிறார்கள்" என்பது வரை நிறுத்தாமல் சொன்னேன். பண்ணுகிறவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா உளியைக் கீழே வைத்தார். "கல்லுதாம்மா. கல்லுன்னா உனக்கு அவ்ளோ லேசாப் போச்சா?" என்றார். அவ்வளவுதான். ழகரத்துக்குள் இருந்த தூளை ஊதிவிட்டு மறுபடி உளியை எடுத்துக்கொண்டார்.

மாதாவைச் சொன்னதற்காக அவர் கோபப்பட்டார் என்றுதான் வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை அண்ணா. கல்லைச் சொன்னது அவருக்கு வலித்திருக்கிறது.

மோசேயின் கதை உனக்குத் தெரியும். எண்ணாகமம் 20. பாறையைப் பார்த்துப் பேசு, தண்ணீர் வரும் என்று சொல்லப்பட்டது. அவர் கோலால் இரண்டு தடவை அடித்தார். தண்ணீர் வந்தது, ஆனால் அவர் கானானுக்குள் போகவில்லை. பேசச் சொன்ன இடத்தில் நானும் அடித்தேன், இரண்டு தடவை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன், உன்னிடம். கேட்க வேறு ஆள் இல்லை.

ஆனால் அந்தச் சபைக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த வருஷம் மே மாதம் எனக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். கோயிலிலிருந்து யார் வந்தார்கள், எத்தனை நாள் கழித்து வந்தார்கள் என்பதும் உனக்குத் தெரியும். இங்கே அதை எழுதினால் ஆளாளுக்குக் கணக்குப் பார்ப்பார்கள். எதிர்வீட்டு அக்கா ஒன்பது நாள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார்; பத்தாம் நாள் என்னை ஆராதனைக்குக் கூட்டிப் போனார். எசேக்கியேலில் வருகிறதே, கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று. அது எனக்கு நடந்தது. தொட்டித் தண்ணீரிலிருந்து எழுந்தபோது, மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அழுதேன். அதை நீ "அல்லேலூயா கூட்டத்துல போய் விழுந்துட்டா" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாய்.

அன்று கடையில் "இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே" என்று சொன்னதும் நீதான். நான் திரும்பி நடந்தேன். அப்பாவின் உளிச்சத்தம் நிற்கவில்லை. உன் பேச்சுகூட ஆறிவிட்டது. அந்தச் சத்தம் ஒரு நொடி நின்றிருக்கலாமே என்பது இன்னும் ஆறவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து டீக்கடைக்காரர் போனிலிருந்து, வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை. உன்னிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் மகள் பாப்பா என்ன செய்கிறாள், என் முட்டி வலி எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. ஒரு தடவை நானாகவே ஒரு வசனம் சொன்னேன். யாத்திராகமம் 20:25. பலிபீடத்தைக் கல்லால் கட்டினால் வெட்டின கல்லால் கட்டாதே, உளி பட்டால் அது தீட்டாகிவிடும் என்று கடவுள் சொல்கிற இடம். "அப்ப என் கைக்கு அங்க வேலை இல்லையா?" என்று சிரித்தார். நான் பயந்துபோனேன், மறுபடியும் அடித்துவிட்டேனோ என்று. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரிதான். அதுக்குத்தான் நான் முதுகைத் தொடறதில்லை" என்றார்.

போனை வைத்த பிறகுதான் புரிந்தது. மறுநாளே ஓசூர் ரோட்டுக் கல்லறைக்குப் போய், அவர் வெட்டின கற்களைப் பின்னால் போய்த் தடவிப் பார்த்தேன். நீயும் போய்ப் பார். முன்பக்கம் முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பு. பின்பக்கம் பாறையிலிருந்து பிரிந்து வந்த அதே சொரசொரப்பு. ஓரத்தில் ஆப்பு அடித்த துளைகள் பாதிப் பாதியாக, வரிசையாக, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழைகிற அகலம். எத்தனை வாடிக்கையாளர்கள் அதையும் இழைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருப்பார்கள்!

இதையெல்லாம் எழுதும்போது லால்பாக் தோட்டத்துப் பாறை ஞாபகம்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நம்மை அந்தப் பாறைமேல் ஏற்றி உட்கார வைப்பாரே. அதன் வயது ஏறக்குறைய 300 கோடி வருஷம் என்று போர்டில் இருந்ததை நீ சத்தமாக வாசித்தாய். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அவர் தாத்தா காலத்தில் இந்த மாதிரிப் பாறையில் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் மேல்தோல் விட்டுக்கொண்டதும் சப்படிக் கல்லாக, பலகை பலகையாக உரித்து எடுப்பார்கள் என்று சொன்னார். கல் சூடாக இருந்தது. நான் உன் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன், நீ அசையாமலே உட்கார்ந்திருந்தாய். அந்த நீ எங்கே போனாய்? அப்பா அடக்கத்தில் மண் போடுகிற வரிசையில் யாரோ என்னையும் பாப்பாவையும் பின்னால் தள்ளியபோது, பார்த்துக்கொண்டுதானே நின்றாய்?

போகட்டும்.

பாப்பா போன மாதம் கல்லறையில் அந்த மரச்சிலுவையைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் தாத்தாதானே கல்லு வெட்டினாரு, அவருக்கு ஏன் இல்ல?" என்று கேட்டாள். யோசுவாவின் 4-ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. யோர்தான் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டியதே, நாளைக்குப் பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏது என்று கேட்பார்கள் என்றுதான். என் பிள்ளை கல் இல்லாத இடத்தில் நின்று கேட்டாள். ஒரு வருஷமாக வசனத்துக்காக நாம் இழுத்துக்கொண்டிருந்ததை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

எனக்கு ஏசாயா 51:1 வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். "நீங்கள் வெட்டி எடுக்கப்பட்ட கன்மலையை நோக்கிப்பாருங்கள்." அடுத்த வசனத்திலேயே, உங்கள் தகப்பனைப் பாருங்கள் என்று வருகிறது. அப்பா அன்று சொன்னதும் அதுதான் என்று நீ ஒத்துக்கொள்வாய் என எதிர்பார்த்தேன். நீ "கன்மலை உங்க ஆளுங்க வார்த்தை" என்று ஒரே வரியில் மெசேஜ் போட்டாய். உங்கள் கற்பாறையும் எங்கள் கன்மலையும் ஒரே பதினெட்டாம் சங்கீதத்தில், ஒரே இடத்தில் இருக்கிற ஒரே சொல் என்று பதில் அடித்தேன், அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

கற்பாறை என்றே இருக்கட்டும். நான் கல்லுக்காரரிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன். எழுத்து நல்லா இருக்கிறது, "ற்பா" இடைவெளியை மட்டும் கொஞ்சம் நெருக்கச் சொல். அப்பா பார்த்திருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வருஷப் பூசைக்கு நானும் பாப்பாவும் வருகிறோம். கடைசி பெஞ்சில் உட்காருவோம். நன்மை (நற்கருணை) வாங்க வர மாட்டேன், அதற்காக யாரும் என்னை முறைக்காதபடி நீ பார்த்துக்கொள். பூசை முடிந்து கல்லறைக்குப் போகும்போது பாப்பா உன்னோடு முன்னால் நடக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போட்டோவில் பார்த்தால் கல்லை இரண்டு பக்கமும் மெஷினில் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். முன்பக்கம் மட்டும் இழைத்த கல்லாக, பின்னால் ஆப்புத் துளையோடு வந்த கல் ஒன்றைக் கேள். இப்போதெல்லாம் ரம்பத்தில் அறுத்துத்தான் வருகிறது, கிடைப்பது கஷ்டம் என்று சொல்வார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கையால் பிளக்கிற இடம் இன்னும் இருக்கும், நானே போய்ப் பார்த்து வருகிறேன். நீயும் வந்தால் நல்லது, நீ தட்டிப் பார்த்தால் கல்லின் சத்தம் தெரியும், எனக்குத் தெரியாது. பாதிப் பணம் என்னுடையது, வேண்டாம் என்று சொல்லாதே.

வியாழக்கிழமைக்குள் சொல்.

உன் தங்கை