கதைக்கு ஓவியர் வேண்டும்

ஐயா,

நெல்லை மாவட்டத்துத் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் புராணக் கதைகளோடு, குதிரைகளை ஏற்றிவந்த கப்பலையும் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் தம் காலத்தை உற்றுப் பார்த்திருக்கிறார். அச்சு வந்த பிறகும் அந்தப் பார்வை மங்கவில்லை. படங்களை அச்சிட அன்று பயன்பட்ட துத்தநாகத் தகடான ‘பிளாக்’கில் நுண்ணிய நிழல்கள் அப்பிவிடும் என்பதால், கோட்டிலேயே உயிரைக் கொண்டுவரக் கற்றார்கள் நம் ஓவியர்கள். 1950இல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது, வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர் மணியம். இன்றும் பலர் மனத்தில் அந்த முகம்தான்.

அண்மையில் ஓர் இதழில் எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டைப் பற்றிய கதை ஒன்று படித்தேன். நல்ல கதை. படமோ கணினி தானாக உருவாக்கியது: செம்மண் தேரி வெளிர்மஞ்சள் பாலைவனமாகியிருந்தது, பனை நிற்க வேண்டிய இடத்தில் ஈச்சமரம்! மனம் பொறுக்கவில்லை. கணினியில் வரைவதை நான் குறை சொல்லவில்லை. அதிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கதையைப் படித்து, அந்த மண்ணை அறிந்த ஒருவர் வரைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நெல்லைச் சீமையில் வரையத் தெரிந்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. தங்கள் ஞாயிறு இணைப்பில் அவர்களுக்கு இடமும் உரிய சன்மானமும் கொடுங்கள். எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் வரைந்தவர் பெயரையும் போடுங்கள்.

- ஒரு வாசகர், திசையன்விளை